இருபது லட்சம் அணுக்கள் கேட்டேன்

உடம்பில் மறுபடி கட்டி வந்தபோது எனக்கு அறுபத்து மூன்று வயது. கழுத்தில் இரண்டு, அக்குளில் ஒன்று. லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஏற்றி அடங்கியது, மறு வருஷமே திரும்பிவிட்டது. உடையார்பாளையம் பக்கம் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. மிச்சமிருக்கும் நாட்களையும் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வழி சொன்னார்கள். கழுத்தில் குழாய் போட்டு, என் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைப் பிரித்து எடுத்து வைப்பார்கள். கடும் மருந்து கொடுத்து நோயை அழித்தபின், அதே அணுக்களைத் திரும்ப ஏற்றுவார்கள். உறைய வைத்துப் பாதுகாக்கும் வசதி அங்கே இல்லை. குளிர்பெட்டியில் சில நாள்தான் தாங்கும். ஆகவே மூன்று நாளுக்குள், என் எடையில் கிலோவுக்கு இருபது லட்சம் அணுக்கள் சேர வேண்டும். சேராவிட்டால் சிகிச்சை இல்லை.

அடுத்த கட்டிலில் பூலாம்பாடி ராஜேந்திரன், சின்ன வெங்காய விவசாயி. அதே நோய், அதே மருந்து, என்னைவிடப் பதினேழு வயது இளையவன். புதன்கிழமை ஒரே நாளில் அவனுக்கு ஐம்பது லட்சம் வந்துவிட்டது. எனக்குப் புதனும் வியாழனும் சேர்த்து ஒன்பது.

“நமக்கு ஒரே இறைப்புல தொட்டி ரொம்பிடுச்சுங்கய்யா. ஒங்க போரு ஊறி ஊறித்தான் வரும்போலருக்கு” என்று சிரித்தான்.

என் மனைவி சரோஜாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவனைப் பார்க்க வராந்தாவில் பதினொரு பேர். எனக்கு ஒருவர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் சிறுவாச்சூர் காளியிடம் கேட்டேன்: “தாயே, அவனுக்கு வேண்டியதுக்கு மேல் முப்பது லட்சம் அள்ளிக் கொடுத்தாய். எனக்கு இன்னும் பதினொன்று கொடுக்க உனக்குக் கை வராதா?” இதுதான் என் பிரார்த்தனை. இதைவிட அழகாக வேண்டிக்கொள்ள எனக்கு வரவில்லை.

மறுநாள் வெள்ளி. சிறுவாச்சூர்க் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். ராஜேந்திரன் மனைவி செல்வி மாவிளக்கு போடக் கிளம்பினாள். அங்கே வீட்டு மாவு செல்லாது. அரிசியைக் கொண்டுபோய்க் கோயிலிலேயே இடிக்க வேண்டும். சரோஜா தன் பங்குக்கு அரிசியை நீட்டினாள்.

“வேணாம். அவங்க இடிச்சு எனக்கு வேண்டுதலா?” என்றேன்.

“அப்ப நீங்களே எந்திரிச்சுப் போயி இடிங்க, கழுத்துல குழாயோட” என்றாள் சரோஜா.

செல்வி அரிசியை வாங்கி முடிந்துகொண்டாள். “இருக்கட்டுங்கய்யா. ரெண்டு வெளக்குக்கு இடிச்சா கையா தேஞ்சுடும்? நட்சத்திரத்த மட்டும் சொல்லுங்க.”

சரோஜாதான் சொன்னாள்.

அன்று மாலை மருத்துவர் வந்தார். “இன்னிக்கு மட்டும் பன்னெண்டு சார். இவ்ளோ வரும்னு நாங்களே நெனைக்கல.” ஆக மொத்தம் இருபத்தொன்று. ஒன்று கூடுதல். வாய்விட்டு அழுதேன்.

கோயிலிலிருந்து திரும்பிய செல்வி, “ஒங்க வெளக்குதாங்கய்யா நின்னு எரிஞ்சுச்சு. எங்களுது காத்துல பொசுக்குன்னு அணைஞ்சுட்டுது” என்றாள். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அணுக்கள் ஏற்றி ஒன்றரை வருஷமாகிறது. கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேன் சொல்கிறது. இப்போது மாதம் ஒரு வெள்ளி சரோஜாவும் நானும் சிறுவாச்சூர் போகிறோம். இரண்டு விளக்குக்கு இடிக்கிறோம். ஒன்று ராஜேந்திரன் பெயரில். அவன் ஆறு கிலோ ஏறியிருக்கிறான், நான் இரண்டு. அதைப் பார்த்தால் இன்னும் எரியத்தான் செய்கிறது.

மனம் சுத்தமான பிறகு காளியிடம் போகலாம் என்று தயங்கி நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் மனம் சுத்தமாகும்வரை அவள் காத்திருந்தால் நான் செத்திருப்பேன். மருத்துவர் சொல்வதைத் தட்டாதீர்கள். இருக்கிற மனதோடு போய்க் கேளுங்கள். எனக்கே கொடுத்தாள்.