ஆறுவதும் தீருவதும்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் வாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் தெரியாத டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வது அவள் வேலை. கணவர் அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர்களுக்காகப் பேசப் போய், அவர் போன பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. இரண்டு பக்கத்துக் கோபமும் தன் தலையில்தான் விடியும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அன்று வார்டில் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி ஒருவர் படுத்திருந்தார். வயிற்றில் கட்டி. திறந்து பார்த்துவிட்டுத் தைத்திருந்தார்கள். பக்கத்தில் மனைவி. டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக 'ஹீல்' ஆகிவிடும் என்றார்.

"நல்லா குணமாயிடும்," என்றாள் வாயக்கா, வழக்கம்போல.

மனைவி முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "கேட்டீங்களா? குணமாயிடுமாம்!" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் டாக்டர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். கட்டி பரவிவிட்டது, இதற்கு 'க்யூர்' இல்லை என்றார்.

க்யூருக்கும் அதே 'குணம்' என்ற சொல்தான் வாயக்காவின் வாயில் வந்து நின்றது. ஹீல் என்றால் உடம்பு தன் புண்ணைத் தானே மூடிக்கொள்வது. க்யூர் என்றால் நோய் வேரோடு போவது. முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்கப்போவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டியது அவள்தான். பட்டும் படாமலும் எதையாவது சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். டாக்டருக்கு என்ன தெரியப்போகிறது?

"தம்பி, நான் சொன்னது தப்பு," என்றாள். "தையல் போட்ட புண்ணு ஆறிடும். டாக்டர் சொன்னது அதைத்தான். உள்ள இருக்குற நோய் தீராதாம். பரவிடுச்சாம்."

"இப்பத்தானே குணமாயிடும்னீங்க?" மனைவி எழுந்துவிட்டாள். "வாயில வந்ததையெல்லாம் சொல்லுவீங்களா? வேற ஆளைக் கூப்பிடுங்க!"

மேஸ்திரி மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு, "விடும்மா," என்றார். "அக்கா, புண்ணு ஆறினதும் உக்காந்து வேலை பாக்கலாமான்னு கேளுங்க. ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் தரை போட்டேன். எங்க சமையல்கட்டு இன்னும் வெறும் சிமென்ட்டு."

வாயக்கா டாக்டரிடம் கேட்டாள். பாரம் தூக்காமல் செய்யலாம் என்ற பதிலை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

புண் ஆறியது. மனைவி கலவை குழைத்துக் கொடுக்க, முடிந்த நாளில் கொஞ்சம், முடியாத நாளில் வெறுமனே பார்த்துக்கொண்டு என்று தரையை முடித்தார். மழைக்காலம் ஓயும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

செய்தி கேட்டு வாயக்கா அந்த வீட்டுக்குப் போனாள். விரட்டினால் திரும்பிவிடலாம் என்று வாசலிலேயே நின்றாள். மேஸ்திரியின் மனைவி வெளியே வந்தாள்.

"அன்னைக்கு நீங்க பூசி மெழுகியிருந்தா, குணமாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு படுத்தே கிடந்திருப்பாரு," என்றாள். "உங்க மேல இருக்குற கோபம் போகல. ஆனா உள்ள வாங்க."

சமையல்கட்டில் அடுப்பு ஓரமாக ஒரு டைல் மட்டும் லேசாக மேடாக நின்றது.

"கடைசியா ஒட்டினது. கை நடுங்கிடுச்சு," என்றாள்.

இருவரும் அதை மிதிக்காமல் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள்.