எங்கள் எல்லோருக்கும் ஒரே ஐடி

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் வீடுகளில் பலரும் செய்கிற மடத்தனத்தை நாங்களும் செய்திருந்தோம். இரண்டு வண்டிகளில் இருக்கும் போன்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர், ஹால் டிவி, என் கணவர் போன், என் போன் எல்லாவற்றுக்கும் ஒரே மெயில் ஐடி. போர் போடும் வேலை பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்டின் நம்பரை ஒரு போனில் ஏற்றினால் எல்லாப் போனிலும் வந்துவிடுமல்லவா, அதற்காக. திறந்து கொடுத்த புத்திசாலி நான்தான். பாஸ்வேர்டு, வேறென்ன, முதல் வண்டியின் நம்பர்.

சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் வண்டி ஆட்கள் பார்க்கிற காமெடியும் சேவல் வீடியோவும் எங்கள் ஹால் டிவியில் வந்து நிற்கும். சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவேன். நான் பார்ப்பதும் அங்கே போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருஷம் எனக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. ஈரோட்டில் தனியாகப் போய்க் காட்டினேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார். பல் பிடுங்குகிற மாதிரிச் சொன்னார். வீட்டில் சொன்னால் அன்று சாயங்காலமே முடிவாகிவிடும். நாத்தனாருக்கு எடுத்தார்கள், அத்தைக்கு எடுத்தார்கள், எனக்கும் தேதி குறித்துவிடுவார்கள். பாசத்தில்தான் செய்வார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பு என்னுடையது. எடுக்காமல் சரிசெய்ய வழி உண்டா என்று முதலில் நான் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு நானே என் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்று நாள் அதைப் பற்றியே வீடியோ பார்த்திருப்பேன். நாலாம் நாள் வண்டியிலிருந்து டிரில்லர் கூப்பிட்டார். டீசல் விஷயம் பேசி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, வண்டி போனைத் தொறந்தா கர்ப்பப்பை வீடியோவாவே வருதுங்க. ஊட்டுல யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

நல்ல மனிதர், அக்கறையில்தான் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்து வீட்டம்மா என் போனில் பார்த்தார் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டு, ஓடிப்போய் ஹால் டிவியைப் போட்டேன். அங்கேயும் வரிசையாக அதேதான். என் கணவர் டிவி பக்கமே வராதவர், போனிலும் பேசுவதோடு சரி என்பதால் தப்பித்தேன்.

பார்த்தவற்றின் பட்டியலை அழித்தேன். புது ஐடி திறக்கலாம்தான். அதுவும் நான் எதை எத்தனை நிமிஷம் பார்த்தேன் என்று எழுதிக்கொண்டேதான் இருக்கும். வெட்கம் போய் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிற ஆளில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பி.சி.ஏ. பட்டம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் சும்மாதானே கிடந்தது.

ஆபீசில் ஒதுக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்டோர் ரூமில், ரிக் உதிரிபாகங்களுக்கு நடுவே வைத்து, மத்தியான வேளைகளில் லினக்ஸ் ஏற்றினேன். அதன்மேல் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம் என இலவசமாக விட்டுவைத்தது. நமக்குப் பதிலாக அந்தக் கம்ப்யூட்டர் போய் வீடியோவை வாங்கிவந்து கொடுக்கும். ஐடி கேட்காது. விளம்பரம் கிடையாது. நேற்றுப் பார்த்ததை இன்று யாரிடமும் சொல்லாது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஓடவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை இரண்டு இடம் தள்ளி எழுதாமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான் தப்பு. அதைக் கண்டுபிடித்துத் திருத்தி, என் போனில் முதல் வீடியோ ஓடியபோது ஸ்டோர் ரூமில் தன்னந்தனியாக நின்று கைதட்டினேன். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் நிம்மதியாகப் பார்த்தேன். டாக்டர்கள் பேசியதையும், ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பேசியதையும் கேட்டேன். புரியாததை நோட்டில் எழுதிக்கொண்டு சேலத்தில் வேறொரு டாக்டரிடம் போனேன். கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஸ்கேனை நிதானமாகப் பார்த்துவிட்டு, முடியும் என்றார். மறுபடி வளர வாய்ப்புண்டு என்பதையும் மறைக்கவில்லை. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே என் கணவரை உட்காரவைத்துச் சொன்னேன். கட்டி எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பார்கள், எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், கர்ப்பப்பையை எடுக்க ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம். இரண்டு முறை வண்டியிலிருந்து போன் வந்தது, அவர் எடுக்கவில்லை. முகம் வாடிப்போய்விட்டது.

"இத்தன நாளா எனக்கு ஒருத்தருஞ் சொல்லலியே புள்ள" என்றார்.

"ஒருத்தருஞ் சொல்லக்கூடாதுன்னுதானுங்க இத்தன பாடும். நாந்தானுங்க சொல்லோணும்."