மூடி போடுகிற சித்தப்பா

எங்கள் சித்தப்பா கார் செய்கிறார் என்றுதான் சேரப்பணஞ்சேரியில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பின் அச்சு செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. அச்சின் நடுவில் பானை மாதிரி உப்பியிருக்கும் பாகத்தை மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். லைனில் அச்சு நகர்ந்து வரும்போது, எண்ணெய் ஊற்றுகிற ஓட்டையில் மூடியை வைத்து, மேலே தொங்கும் துப்பாக்கி மாதிரியான கருவியால் முறுக்குவது சித்தப்பாவின் வேலை. போதுமான அளவு முறுக்கியதும் துப்பாக்கி தானே நின்றுவிடும், பச்சை விளக்கு எரியும். அடுத்த அச்சு வரும். அதற்கும் மூடி. ஷிப்டு முடிகிறவரை மூடிதான். இந்த விஷயத்தை ஒருநாள் அவர் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவர் மூடி சித்தப்பா.

நான் அப்போது ஆறாவது. படிப்பு எனக்கு ஒட்டாது என்பது வாத்தியார்களுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டிருந்தது. வீட்டுக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.

அப்பாவிடம் ஒரு வேன் இருந்தது. நிலம் கம்பெனிகள் கட்டிய எஸ்டேட்டுக்குப் போனதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்தது அது. தெற்கேயிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்த பையன்களைக் காலை ஷிப்டுக்கு ஏற்றிப்போய் இறக்குவார். டிரிப் கொடுத்த கான்ட்ராக்டர் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார், ஒரு காலை வண்டி வரவில்லை என்றாலும் டிரிப் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று. எங்கள் வீட்டு அடுப்பு அந்த டிரிப்பில்தான் எரிந்தது.

அந்த வேன் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது. கிரவுன் ஆயில் கெட்டுப்போயிருக்கும், நாளைக்கு ஞாயிறுதானே, படப்பை ஷெட்டில் விட்டுவிடலாம் என்று சனிக்கிழமை சாப்பாட்டில் அப்பா சொன்னார். சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நான் ஒருத்தன் வூட்ல கீறேன்ண்ணா. வண்டிய ஷெட்ல வுட்டா என்னிய இன்னான்னு நெனப்பாங்க?"

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா அவரை ஒருமுறை பார்த்தார். சரி, நீயே பார் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் சித்தப்பா கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தார். லீவு நாளிலும் ஓவர்டைமா என்று கேட்டேன். வழக்கமாக இதற்கு ஒரு குட்டு உண்டு. அன்றைக்குக் கிடைக்கவில்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

கிரவுனுக்கு இரண்டு மூடி. கீழே இருப்பது எண்ணெயை இறக்க, பக்கவாட்டில் மேலே இருப்பது ஊற்ற. சித்தப்பா கீழ் மூடியைத் திறந்தார். அது சொன்ன பேச்சைக் கேட்டது. கருத்த எண்ணெய் பழைய பெயின்ட் டப்பாவில் வெல்லப்பாகு போல இறங்கியது. அடியிலிருந்து தலையை நீட்டி எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், கார் அவர் செய்ததுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

பிறகு மேல் மூடிக்குப் போனார். அது அசையவில்லை.

இன்றைக்கு நானும் வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவன். ஆயில் மாற்றுகிறேன் என்று யார் வந்தாலும், முதலில் மேல் மூடியைக் கழற்று என்பேன். மண்ணைச் சுரண்டி, துரு இளக ஸ்பிரே அடித்து, கச்சிதமாக உட்காருகிற ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிப் பார். வரவில்லையா, கீழ் மூடியைத் தொடாதே. உள்ளே பழைய எண்ணெயாவது இருக்கும், வண்டி தானாக ஓடி ஷெட்டுக்குப் போகும். சித்தப்பாவோ முதலில் காலி செய்துவிட்டார். நிரப்புகிற வாய் இறுகிக் கிடந்தது. சேராத ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி, மூடியின் முனைகளும் மழுங்கிவிட்டன.

நான் சும்மா இருப்பேனா? "நீ டெய்லி போடற மூடிதான சித்தப்பா இது?"

"போடறதுதான்டா நானு," என்றார் அடியிலிருந்து. "கழட்டறதுன்றது எங்க லைன்லயே கெடையாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. விட்டுவிடு, ஷெட்டுக்காரனைக் கூட்டிவந்து பார்க்கலாம் என்றார். சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பேனரின் வாலில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி இழுத்தார். அது வழுக்கி, விரல் முட்டிகளின் தோலைப் பெயர்த்துக்கொண்டு போனது. உளியும் சுத்தியலும் எடுத்தார். போதும் என்று தடுக்கிற பச்சை விளக்கு அங்கே எதுவும் எரியவில்லை.

"டேய், போதும்டா," என்றார் அப்பா.

"ஒரே அடிண்ணா. வந்துரும்."

வந்தது. ஓட்டையைச் சுற்றியிருந்த வார்ப்பிரும்பு பிஸ்கட் மாதிரி உடைந்து, மூடியோடு சேர்ந்து உள்ளே பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தது. விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா குனிந்து, உடைந்த வாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஷெட்டுக்காரர் வந்து பார்த்தார். கிரவுனையே இறக்க வேண்டும், சாமான் வரவே நாளாகும் என்றார். தண்டலத்தில் இருந்த ஒரு சிநேகிதரின் வேனை ஒரே ஒரு காலைக்கு அனுப்பச் சொல்லி அப்பா போனில் கெஞ்சினார். அந்த வேன் வந்தது. கான்ட்ராக்டருக்கு அது பிடித்துப்போனது. டிரிப் எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை. பிற்பாடு அப்பா அடுத்தவர் வண்டியை ஓட்டப் போனார்.

ஆனால் அது எதுவும் அந்த ஞாயிறு சாயங்காலம் எனக்குத் தெரியாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"சித்தப்பா, நாளிக்குக் கம்பெனிலேர்ந்து வரச்சொல்ல ஒரு புது அச்சு தூக்கினு வந்துரு. நீதான செய்ற."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே சிரித்தார். தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகும்போது, இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டையோடு, முட்டியில் துணி சுற்றிக்கொண்டு நிறுத்தத்தில் நின்றிருந்தார். கம்பெனி பஸ் வந்தது. அவரோடு லைனில் நிற்கிற பையன்கள் ஏறினார்கள். சித்தப்பா குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். பஸ் கிளம்பிப் போகிறவரை கட்டிக்கொண்டே இருந்தார்.

ஓடிப்போய், பஸ்ஸை விட்டுட்டியா என்று கேட்டேன்.

"ஆமான்டா. வூட்ல சொல்லாத."

வீட்டில் சொல்லவில்லை. வகுப்பில்தான் சொன்னேன். கயிறு கட்டுவதைக் குனிந்து நடித்தே காட்டினேன். பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்க வேண்டிய நேரம் நெருங்கும்போது, ஒரு சனிக்கிழமை பார்த்து, கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பிற்பாடு ஒரு கம்பெனியில் எனக்கே அது நடந்தபோதுதான், அந்தச் சனிக்கிழமைச் சாப்பாட்டில் கேட்டது அன்றைக்கு அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தவனுடைய குரல் என்று புரிந்தது. அன்று பஸ்ஸில் ஏறிய பையன்களில் ஒருவர்கூட சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த நிறுத்தத்தில் விஷயம் தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.