காசி என்று சொல்ல மறுத்த பயணம்

இரண்டு கோடைகளுக்கு முன்பு நடந்தவை, நடந்த வரிசையில்:

மார்கழி இறுதி: வட இந்தியச் சுற்றுலாவுக்கான ரயில் பயணச்சீட்டுகளை என் மனைவி, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்தார். பயணிகள் பன்னிரண்டு பேர்.
தை மூன்றாம் வாரம்: மனைவி காலமானார். மாரடைப்பு.
மாசி: காரியங்கள் முடிந்தன.
பங்குனி: பயணத்தைக் கைவிடுமாறு உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள்.
சித்திரை இறுதி: புறப்பட்டோம். பதினோரு பேர்.
வைகாசி: திரும்பினோம். பதினோரு பேர்.

இவற்றில் எதையும் எவரும் மறுக்க இயலாது. இனி எழுதப்போவதை மறுப்பவர்கள் எங்கள் உறவில் இன்றும் இருக்கிறார்கள்.

கோடையில் வடக்கே போவதா என்று கேட்காதவர் இல்லை. ஆனால் எங்கள் குழுவில் பெரும்பாலோர் நைனார்பாளையத்து விவசாயிகள். என் மனைவியின் பிறந்த வீட்டு உறவினர்கள். மரவள்ளி பிடுங்கி, கரும்பு வெட்டும் ஓய்ந்து, ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிற காலம்தான் அவர்களுக்கு ஓய்வு. குளிர்காலத்தில் போகலாம் என்பது மாதச் சம்பளக்காரர்களின் யோசனை என்பார் மனைவி. சுற்றுலா முகவர் எவரும் வேண்டாம், அவர் நிறுத்திய கடையில் இறங்கி அவர் காட்டிய பொருளை வாங்குவதற்கு நாம் எதற்கு என்று, திட்டம் முழுவதையும் மனைவியே வகுத்தார்.

வெயிலுக்கும் அவரிடம் விடை இருந்தது. நம் ஊரில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் இறங்குகிறார்கள், உச்சிக்கு முன் கரையேறிவிடுகிறார்கள். அதே கணக்கு அங்கும் என்று திட்டத்தாளில் எழுதியே வைத்திருந்தார். விடியும்போது கோட்டை வாசலில் நிற்பது, பத்து மணிக்குள் விடுதிக்குத் திரும்பி உறங்குவது, வெயில் சாய்ந்த பிறகு மீண்டும் வெளியே வருவது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். அந்தத் திட்டத்தில் குறை கண்டுபிடிக்க முயன்றேன், கிடைக்கவில்லை.

அவர் பட்டியலில் கோயில் ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ரா, குவாலியர், டெல்லி. கட்டடங்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "கோயிலுக்குப் போனா வேண்டுதல் இருக்கும். வேண்டுதல் இல்லாம ஒரு ஊரைச் சும்மா பார்க்கணும்" என்பது அவருடைய வாதம்.

பங்குனியில் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். மனைவியின் தம்பி. நைனார்பாளையத்தில் மக்காச்சோளமும் கரும்பும் வைத்திருப்பவர், குரல் பெரியது, மனம் அதைவிடப் பெரியது. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மாமா, தல தெவசம் ஆவாத வூடு. ஒரு வருசம் மல ஏறக்கூடாது, கோயிலு கொளம் போவக்கூடாது. இதுல ஊரு சுத்தறதுன்னா நாலு பேரு இன்னா பேசுவான்?"

"நாலு பேரின் பெயரைச் சொல்லுங்கள். நானே போய்ப் பேசுகிறேன்" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாங்க. காசிக்குப் போறோம்னு சொல்லிடலாம். அக்கா அஸ்தியக் கரைக்கன்னு. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். வழியனுப்ப மாலையோட வருவானுங்க."

அவர் கூறியது உண்மை. மனைவியை இழந்தவன் காசிக்குப் போனால் கடமை. தாஜ்மகால் போனால் குற்றம். ஆனால் என் மனைவி வேண்டுதல் இல்லாமல் போக விரும்பிய பயணத்துக்கு, அவர் இறந்த பின் நான் ஒரு வேண்டுதலைப் பூட்டிவிடுவதா? அஸ்தி கோமுகி ஆற்றில் முறைப்படி கரைக்கப்பட்டுவிட்டது. அதை இன்னொரு முறை பொய்யாகக் கரைக்க நான் சம்மதிக்கவில்லை.

"இது ஊர் சுற்றும் பயணம். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். வர விருப்பம் இல்லாதவர்கள் நின்றுகொள்ளலாம்" என்றேன்.

"உங்கள தனியா வுட்டுட்டு நான் இங்க இன்னா பண்றது? வந்து தொலையறேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனார்.

அடுத்த தடை மலைமேல் உள்ள கரியாலூரிலிருந்து வந்தது. என் மனைவி பல ஆண்டுகள் கல்வராயன் மலைப் பள்ளியில் ஆசிரியை. அங்கே சத்துணவு சமைத்த அம்மையார் அவருக்கு நெருங்கிய தோழி. மலையில் சாமை பயிரிடும் குடும்பம். அந்த அம்மையார் ரயிலில் ஏறியதே இல்லை. ஏற்றிக் காட்டுகிறேன் என்று மனைவி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது, டீச்சரம்மா இல்லாமல் நான் வரவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

சொல்லி அனுப்பியதற்குச் சொல்லி அனுப்பியே பதில் தருவது முறையல்ல. நேரில் போய் அழைக்க வேண்டும். அதற்கு மலை ஏற வேண்டும்.

மைத்துனர் தம் மோட்டார் சைக்கிளில் என்னைக் கச்சிராயபாளையம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து மலை தொடங்குகிறது. தேநீர்க்கடை முன்பு வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு மேல நான் வரமாட்டேன். நீங்களும் ஏறக்கூடாது. அக்கா செத்து இன்னா ஒரு வருசமா ஆயிப்போச்சி?"

கரியாலூர் வழியாகப் போகும் வெள்ளிமலைப் பேருந்து வந்தது. ஏறினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. பேருந்து முதல் வளைவில் திரும்பியபோது, வாழ்நாள் முழுவதும் அறிவியல் பேசிய நானே, ஏதோ நிகழுமோ என்று கம்பியைச் சற்று இறுகப் பிடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிகழ்ந்தது இவ்வளவுதான்: காற்று குளிர்ந்தது.

அம்மையார் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறம் நின்றது. பிறகு அவரே தொடங்கினார்.

"மல ஏறி வந்துட்டீங்களே சார். சாவு வுழுந்த வூட்டுக்காரங்க ஒரு வருசம் ஏறக்கூடாதும்பாங்களே கீழ?"

"ஏறக்கூடாதுதான். ஏறிவிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க இங்கியே பொறந்து இங்கியே சாவறோம். எங்க வூட்ல சாவு வுழுந்தா ஒரு வருசம் நாங்க எங்க போயி இருக்கறது? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுலயா?"

தை மாதத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டேன் என்பது உறைத்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அங்க வெயிலு ஜாஸ்தியாமே?"

"ஜாஸ்திதான்."

"அதுக்கு டீச்சரம்மா இன்னா சொல்லிச்சி?"

"விடியலில் வெளியே, பத்து மணிக்குள் உள்ளே."

"அது காட்டு வேலை கணக்காச்சே" என்றார். முறத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டார். "அப்ப வரேன். துணிமணி இன்னா எடுத்துக்கினு வரணும்?"

ரயிலில் என் மனைவிக்கு உரிய கீழ்ப்படுக்கை காலியாக இருந்தது. பரிசோதகர் பெயரைப் படித்தார். "வரவில்லை" என்றேன். அவர் குறித்துக்கொண்டு, இடமில்லாமல் நின்ற ஒரு பெண்மணிக்கு அதை ஒதுக்கினார். அதுவே முறை.

ஆக்ராவில் முதல் நாள் திட்டப்படி நடந்தது. சூரியன் எழும்போது தாஜ்மகால் முன்பு நின்றோம். பளிங்கு முதலில் சாம்பல் நிறமாகவும் பின்னர் வெளிர் சிவப்பாகவும் மாறியதை எல்லோரும் மௌனமாகப் பார்த்தார்கள். கரியாலூர் அம்மையார் மட்டும், "பொண்டாட்டிக்கா கட்டினான்? அது உசுரோட இருக்கசொல்ல காட்டியிருந்தா சந்தோசப்பட்டிருக்கும்" என்றார். பத்து மணிக்கு எல்லோரும் விடுதிக்குள் இருந்தோம்.

மைத்துனருக்கு அறைக்குள் இருப்புக்கொள்ளவில்லை. நண்பகலில் மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிட்டு வெற்றியோடு இறங்கிவந்தார்.

"மாமா, சட்டையப் பாருங்க. நம்மூர் கத்திரியில இந்நேரம் புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும். இங்க வேர்வையே காணோம். வெயிலு கம்மிதான். இதுக்கா இவ்ளோ பயமுறுத்தினீங்க?"

வெயிலை வியர்வையால் அளந்து பழகியவர்கள் நாங்கள். கடற்காற்றின் ஈரம் எட்டும் ஊரில் அந்த அளவுகோல் பொய்க்காது. அங்கோ காற்று உலர்ந்தது. வியர்வையை நாம் காணும் முன்பே அது குடித்துவிடுகிறது, உடம்பு நீரை இழப்பது நமக்கே தெரியாது என்று விளக்கினேன். "கிளாஸ் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பேட்டா என்னும் பூசணி இனிப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் திரும்பிவந்தபோது அவரால் தாமாக இறங்க முடியவில்லை. தோல் அனலாகவும் உலர்ந்தும் இருந்தது, சொற்கள் குழறின. அறையில் கிடத்தி, நனைத்த துண்டுகளைப் போர்த்தி, மின்விசிறியை நேரே திருப்பினோம். கரியாலூர் அம்மையார் அவர் உள்ளங்காலை நீரில் நனைத்தபடியே, "வூட்ல சொன்னா கேக்கறது கெடையாது, மாமன் சொன்னாலும் கேக்கறது கெடையாது" என்று திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு மருத்துவர் வந்து சலைன் ஏற்றினார். இன்னும் தாமதித்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார்.

குழுவில் எவரோ ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மாலைக்குள் உறவு முழுவதும் அழைக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: தீட்டோடு போனால் இப்படித்தான் ஆகும், அடுத்த ரயிலில் திரும்பி வாருங்கள். ஒரு தம்பதி பெட்டியைக் கட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

அவர்களைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஒன்றை உணர்ந்தேன். அன்று திரும்பியிருந்தால், என் மனைவியின் விருப்பம் எங்கள் குடும்பத்தில் காலத்துக்கும் ஓர் எச்சரிக்கைக் கதையாகவே சொல்லப்பட்டிருக்கும்.

"போகிறவர்கள் போகலாம். நான் நாளை விடியலில் கோட்டைக்குப் போகிறேன்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அப்போது மைத்துனரின் கைபேசி ஒலித்தது. அவருடைய பெரியம்மா. படுத்தபடியே ஒலிபெருக்கியில் போட்டார்.

"காசிக்குப் போன எடத்துல இப்டி ஆயிடுச்சேடா! கரைச்சிட்டீங்களா இல்லியா? அத முடிச்சிட்டு உடனே கெளம்பி வந்துடுங்கடா!"

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் மறுத்த பொய்யை அவர் ஊரில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில், ஆமாம் பெரியம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிரச்சினை தீர்ந்துவிடும்.

அவர் முழங்கையை ஊன்றி எழ முயன்றார். அம்மையார் முதுகைத் தாங்கினார்.

"காசி இல்ல பெரிம்மா."

"இன்னாடா சொல்ற?"

"காசிக்கு வரல. ஊரு சுத்த வந்தோம். அக்காதான் ஆசப்பட்டுச்சி. எல்லா ஏற்பாடும் அதுதான் பண்ணுச்சி. உச்சி வெயில்ல போவாதன்னு எழுதியே வெச்சிருந்துச்சி, நான்தான் போனேன். இதுல அக்கா இன்னா பண்ணுச்சி, மாமா இன்னா பண்ணாரு? போன வையி."

மறுமுனையில் பெரியம்மா அழத் தொடங்கியது கேட்டது. மைத்துனர் கைபேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அக்காவின் இறுதிச் சடங்கில் பந்தல் போட்டவர், சமையலுக்கு ஆள் பார்த்தவர், எல்லோரையும் தேற்றியவர் அவர்தான். அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் முறை.

வெகு நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்:

"நாளைக்கி எத்தினி மணிக்கி எழுப்புவீங்க மாமா?"

"நாளை உங்களுக்கு ஓய்வு. மற்றவர்கள் விடியலுக்கு முன்பு."

கட்டிய பெட்டி மறுபடியும் அவிழ்க்கப்பட்டது. ஆக்ரா கோட்டை, குவாலியர், டெல்லி, எல்லாவற்றையும் காட்டு வேலைக் கணக்கிலேயே பார்த்து முடித்தோம். குவாலியர்க் கோட்டைக்கு ஏறும்போது, உடல் தேறி என் அருகே நடந்துவந்த மைத்துனர், "மாமா, இதுவும் மலதான" என்று முணுமுணுத்தார். பின்னால் வந்த கரியாலூர் அம்மையார் அதைக் கேட்டுவிட்டார். "இத போயி மலன்றீங்களே, எங்க ஊருக்கு வாங்க காட்டறேன்" என்றார். மைத்துனர் ஏறினார்.

துக்கத்துக்குக் காலவரை உண்டு என்று ஊர் சொல்கிறது. என் துக்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் உரிமையை நான் அன்றிலிருந்து எவருக்கும் தரவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

மனைவியின் பெயரிலிருந்த பயணச்சீட்டை ரத்து செய்தல். இனி இயலாது.
ஊரார் கேட்கும்போது காசியைப் பற்றி ஏதேனும் சொல்லுதல். இனியும் உத்தேசமில்லை.
கரியாலூர் அம்மையாருக்குக் கடல் காட்டுதல். ஆடிப்பட்டத்துக்கு முன்பு.
மைத்துனர் அன்று குடிக்காமல் போன காப்பியின் கடனைத் தீர்த்தல். வரும்போதெல்லாம் நினைவுபடுத்துகிறார்.