றோட்டைக் குறை சொல்ல முடியாத நாள்

மெட்டில்டா அக்கா தொலைபேசியில் அழவில்லை. "தம்பி, அவர் விடியப்புறம் போயிட்டார். கார்ச் சாவி உங்களிட்டத்தானே இரிக்கு? கார் கேற்றை மறிச்சுக்கொண்டு நிக்கிது. ஆக்கள் வரப்போறாங்க, வந்து எடுத்துவிடுங்க" என்றார். கிளாரன்ஸ் அண்ணன் இறந்த செய்தி அவர் மனைவியிடமிருந்து எனக்கு அப்படித்தான் வந்தது.

மட்டக்களப்பில் உங்களில் பலருக்கு அவர் கல்யாணப் படம் எடுத்த பறங்கியர். எனக்கு, நான் எழுதிய செய்திகளுக்கெல்லாம் படம் எடுத்த சக தொழிலாளி. பெரும்பாலான நாட்களை அவருடைய அந்தப் பழைய காரில்தான் கழித்தோம். அதனால் அந்தக் காரைப் பற்றியே எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த கிழமை அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு வாகரைக்குப் போனோம். வீதியெங்கும் மணல். கார் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக அலைந்துகொண்டு போனது. சோதனைச் சாவடியை நோக்கி நேராக வராத வாகனத்துக்கு என்ன நடக்கலாம் என்று அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரியும். மாங்கேணியில் துப்பாக்கியை நீட்டியபடி நின்ற சிப்பாய், "குடித்திருக்கிறாயா?" என்று சிங்களத்தில் கேட்டான். கிளாரன்ஸ் அவனுடைய மொழியிலேயே பதில் சொன்னார்: "றோட்டுத்தான் குடிச்சிருக்கு, மாத்தயா. கடலையே குடிச்சிருக்கு." சிப்பாய் சிரிக்கவில்லை. திரும்பி வீதியைப் பார்த்தான். பிறகு போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

அந்த அலை வீடுகளோடு படங்களையும் கொண்டுபோயிருந்தது. செத்துப்போன பிள்ளையின் முகம் ஒரு துண்டுக் கடதாசியில்கூட இல்லாத வீடுகளைப் பார்த்தோம். கிளாரன்ஸிடம் பழைய நெகட்டிவ்கள் இருந்தன. கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்ற முகத்தையும், பள்ளிக்கூட விழாவில் வரிசையில் நின்ற முகத்தையும் தேடியெடுத்துப் பெரிதாக்கினார். போரின் நடுவே பாதை திறந்திருந்த காலங்களில் அவற்றை வாகரைப் பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். போர் முடிந்த பின்னும் அந்த வேலை முடியவில்லை.

போர் முடிந்து வீதிக்குப் புதிதாகத் தார்க் கார்ப்பெட் போட்டார்கள். கார் அப்போதும் அலைந்தது. பொலிஸ்காரர் ஒருவர் மறித்து அதே கேள்வியைக் கேட்டார். கிளாரன்ஸ் இறங்கி, கறுப்பாக நீண்டு கிடந்த வீதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மச்சான், றோட்டு இப்ப குடிக்கிறல்ல" என்றார் என்னிடம்.

வீட்டில் மெட்டில்டா அக்கா காரணத்தை முன்பே முடிவு செய்திருந்தார். "றோட்டுமில்ல, காருமில்ல. உங்கட கைதான் ஆடுது. காரை வித்துப்போட்டு இரிங்க." கார் போனால் வாகரைப் பயணமும் போகும். கிளாரன்ஸ் கோபிக்கவில்லை. "ஒண்டொண்டா கழிச்சுப் பாப்பம்" என்றார்.

முதலில் நான்கு சில்லுகளுக்கும் காற்றைச் சரிபார்த்தார். மாற்றமில்லை. பிறகு காத்தான்குடியில் நூர்தீனின் கராச்சுக்குப் போனோம். நூர்தீன் சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டார். கிளாரன்ஸ் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார்.

"ஐயா, நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கிறுக்கிறது சில்லு வரைக்கும் வரல்ல. இந்த முட்டிலேயே நிண்டிருது." பக்கத்தில் குனிந்திருந்த என் கையை நூர்தீன் இழுத்து அந்த மூட்டின் மேல் வைத்தார். ஒரு பக்கக் கம்பி அசைந்தது. மறு பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் அசைந்தது. மேலே ஸ்டீயரிங் பெட்டியைப் பார்த்ததும் அவருடைய குரல் மாறியது. "இத ஆரு இப்பிடி இறுக்கின? கிறுகின சில்லு தானா நேராகாதே! வண்டி அலையாம என்ன செய்யும்?"

"நான்தான்" என்றார் கிளாரன்ஸ். "செக்பொயின்ற்ல கார் ஆடக்கூடாதெண்டு."

நூர்தீன் படுத்தபடியே சிரித்தார். "ஆமிக்குப் பயந்து காருக்கு விலங்கு போட்டிரிக்கீங்க!"

தேய்ந்திருந்த அந்த முட்டுக்குப் பதிலாகப் புதியது போட்டு, பெட்டியை அளவாகத் தளர்த்தித் தந்தார். மறுநாளே படங்களுடன் புறப்பட்டோம். மாங்கேணியைத் தாண்டிய நேர்வீதியில் கார் முன்னைப் போல அலையவில்லை. ஆனாலும் கொஞ்சம் அலைந்தது. கிளாரன்ஸ் ஓரமாக நிறுத்தினார். "நீ ஓட்டு" என்றார். ஓட்டினேன். வீதியோர வெள்ளைக் கோட்டிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. கார் நேராகப் போனது. திரும்பி வந்து அதே வீதித் துண்டில் அவர் ஓட்டினார். மறுபடி என்னை ஓட்டச் சொன்னார்.

"அதே றோட்டு, அதே கார், அதே காத்து" என்றார். "மிச்சம் நான்தான், மச்சான்."

படங்கள் இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்க ஆசனத்தில் சாய்ந்தார். "என்ன பாக்கிறாய்? காரை எடு. சனம் காத்துக்கொண்டிரிக்கும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "கார்லயும் ஆட்டம் இரிந்தது, கையிலயும் இரிந்தது. நீ பாதி சரி, நான் பாதி சரி" என்றார். "முழுக்கச் சரியெண்டு எண்டைக்குத்தான் சொல்லப்போறீங்க?" என்றார் மெட்டில்டா அக்கா. அன்றிலிருந்து சாவி என்னிடம். படுக்கையில் விழும்வரை அவர் இடப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்து வந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை மூன்று. அந்தச் சாவி. காரின் முன்பெட்டியில், இன்னும் கொடுக்காத சில படங்கள். அவற்றை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். எதைக் குறை சொல்லத் தொடங்கினாலும், கழித்துக்கொண்டே வந்து கடைசியில் என்னையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

அன்று காலை கேற்றடியிலிருந்து காரை எடுத்தபோது, அந்தச் சின்ன ஒழுங்கையில் அது இரண்டு பக்கமும் அலைந்தது. மெட்டில்டா அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சில்லின் காற்றையோ முட்டுகளையோ பெட்டியையோ நான் சந்தேகிக்கவில்லை.