சீட்டில் மூன்று பேர்

பேய் என்றால் ராத்திரியில் வரும், நாய் ஊளையிடும், மல்லிகைப்பூ மணக்கும் என்று எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம். இது மூன்று தடவையும் பட்டப்பகலில் நடந்தது. மூன்று தடவையும் மணி என்ன என்பது ஹுஸ்னாவுக்குத் துல்லியமாகத் தெரியும். இதை அவள் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்து சொன்னாள். யாங்கோனில் அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில், சாப்பாட்டு நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு. ஹுஸ்னா கதை கட்டுகிறவள் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவள். நாள் முழுக்க ரத்த அணுக்களை எண்ணுகிறவள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் முதலிலிருந்து மறுபடி எண்ணுவாள். பெயர்களைத் தவிர இதில் எதையும் மாற்றவில்லை.

போன மழைக்காலம். அவளுக்கும் இக்பாலுக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். ஹுஸ்னா ரொம்பக் கூச்சக்காரி. கட்டிக்கொண்டவனின் முகத்தை அரை நிமிஷம் நேராகப் பார்த்ததில்லை. பேசும்போது அவன் சட்டைப் பொத்தானைத்தான் பார்ப்பாள். "நான் உன் மாப்பிள்ளையா, இல்லே இந்த ரெண்டாவது பொத்தானா?" என்று அவன் கேலி செய்வான்.

கல்யாணம் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போவதாக இருந்தது. அங்கே இக்பாலின் தாய்மாமா ஒரு சிறு ஊரில் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கி, ரயிலில் சுவிட்சர்லாந்து வரைக்கும் ஊர் ஊராகப் போய் இரண்டு வாரம் சுற்ற வேண்டும் என்று திட்டம். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. ஆனால் இக்பால் வயதுள்ள ஆண்களை நாட்டைவிட்டு வெளியே விடவில்லை. அவனுக்கு இருபத்தேழு. போதாக்குறைக்கு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது என்று அவர்கள் பேட்டையின் வார்டு ஆபீசில் பேச்சு வந்தது.

இக்பாலின் அண்ணன் ஷம்சுதீன் பட்டாள விலக்குக் கடிதத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். "பத்து நாள் குடு. அதுவரைக்கும் வீட்ல இருக்காதே. அகப்பட்டா கடிதம் வந்தும் புண்ணியமில்லே" என்றார்.

புது மாப்பிள்ளையும் பெண்ணும் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவது வழக்கம்தானே. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு, யாங்கோனுக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்குக் கிளம்பினார்கள்.

"மாவ்பிதான் நமக்கு சுவிட்சர்லாந்து" என்றான் இக்பால் பஸ்ஸில். "அங்கே மாடு மேயும். இங்கே கோழி."

ஹுஸ்னா சிரித்தாள். பொத்தானைப் பார்த்துத்தான்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். பர்மாவில் அடுத்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் வார்டு ஆபீசில் எழுதிக்கொடுத்து விருந்தாளிச் சீட்டு வாங்க வேண்டும். சோதனைக்கு வந்தால் சீட்டைப் பார்த்துத் தலையை எண்ணுவார்கள். சீட்டு இருந்தால் விருந்தாளி. இல்லாவிட்டால் ஒளிந்திருக்கிறவன். ஒளிந்திருக்கிறவனை அப்படியே கூட்டிப்போய்விடுவார்கள்.

மாவ்பியில் இக்பாலின் மாமி ஹமீதுன்னிசாவுக்குக் கோழிப் பண்ணை. மாமியே இரண்டு பேருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு குடையோடு போய்ச் சீட்டு வாங்கி வந்தார். அப்போது மாலை மணி 4:20. ஹுஸ்னா சீட்டைப் படித்தாள்.

ஆட்கள்: 3.

முதல் வரியில் இக்பால். இரண்டாவதில் ஹுஸ்னா. மூன்றாவதில் மறுபடியும் இக்பால். அதே வயது, அதே அட்டை எண், அதே தகப்பன் பெயர்.

"எழுதுறவன் தூங்கிட்டான் போல" என்று மாமி சிரித்தார். "விடு புள்ளே. குறைஞ்சாத்தான் வம்பு. கூட இருந்தா என்ன?"

"இல்லே மாமி. மூணுன்னு எழுதி ரெண்டு பேர் இருந்தா, மூணாவது ஆள் எங்கேன்னு கேப்பாங்க. ஓடிட்டான்னு நினைப்பாங்க."

"நாளைக்கு மாத்திக்கலாம். இப்ப ஆபீசைப் பூட்டியிருப்பான்."

மறுநாள் காலை 6:40. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஒரே ஒரு கோப்பை.

"உனக்கு மட்டும்தான். உன் மாப்பிள்ளை பஜ்ர் தொழுகை நேரத்துக்கே பண்ணைப் பக்கம் வந்து குடிச்சுட்டான். ஒரு வார்த்தை பேசலே. கூச்சம் உன்கிட்டேருந்து தொத்திக்கிச்சா?"

ஹுஸ்னா திரும்பிப் பார்த்தாள். இக்பால் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இரவு முழுக்க அவன் எழுந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரியும். புது இடத்தில் அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அவள் அதைச் சொல்லவில்லை. மாமிக்கு வயதாகிவிட்டது, கண் மங்கல் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. பண்ணையில் நாலாயிரம் கோழிகள். விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. ஒன்றுகூடக் கத்தவில்லை.

அன்றைக்கே மிங்கலாடோனுக்குப் போய்விட்டார்கள். அங்கே இக்பாலின் அக்கா சாயிமா, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். இந்தத் தடவை சீட்டுக்கு ஹுஸ்னாவே போனாள்.

"புருஷனை வெயில் படாம வச்சுக்கிறியே" என்று சாயிமா கிண்டல் செய்தாள். "எங்கம்மா கூட இவனை இப்படித் தாங்கலே."

வார்டு ஆபீசில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மணி 10:50. வெளியே தூறல். ஹுஸ்னா இரண்டு அட்டைகளையும் கொடுத்துவிட்டு அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வரி. இரண்டாவது வரி. பேனா நிற்கவில்லை... மூன்றாவது வரிக்குப் போனது.

"இரண்டு பேர்தான் அம்மா" என்றாள் பர்மீயத்தில்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். ஹுஸ்னாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அவர்தானே மூன்று என்று விரலைக் காட்டினார்?"

"யார்?"

"உன் பின்னாலேயே வந்தாரே, மகளே. பெயர் கேட்டேன். இக்பால் என்றார்."

ஹுஸ்னா திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை. படியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவள் போனை எடுத்து இக்பாலைக் கூப்பிட்டாள். நான்கு தடவை ரிங் போனபின் எடுத்தான்.

"மச்சான், எங்கே இருக்கீங்க?"

"படுத்திருக்கேன். ஏன்?"

உள்ளே அந்த அம்மாள் சீட்டில் முத்திரை குத்தினார். டக்... டக்.

போனுக்குள்ளும் கேட்டது. டக்... டக்.

தன் போனே சத்தத்தைத் திருப்பித் தந்திருக்கும். அப்படி நடப்பதுண்டு. படித்தவள், அதனால் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். இக்பால் கட்டிலில்தான் இருந்தான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "டாலாவுக்குப் போயிடுவோம். ஆத்தைத் தாண்டிட்டா ஒண்ணுமில்லே" என்றான். ஷம்சுதீன் சொன்ன பத்து நாளில் இன்னும் எட்டு நாள் பாக்கி.

டாலாவில் இக்பாலின் சித்தப்பா, தஸ்தகீர் சாச்சாவுக்கு ஓடையோரத்தில் மர வீடு. தகரக் கூரை. கழிப்பறை கொல்லையில், பத்தடி தள்ளி. போய்ச் சேர ராத்திரியாகிவிட்டதால் மறுநாள்தான் சாச்சா சீட்டோடு வந்தார். ஹுஸ்னா வாங்கி விரித்தாள்.

ஆட்கள்: 3.

"கிழிச்சுப் போட்ருங்க சாச்சா."

"கிழிச்சா? ஆபீஸ் நோட்டிலே இருக்குமேம்மா. நாளைக்குக் காலையிலே நானே போய்ச் சண்டை போடுறேன்."

அந்த 'நாளை' வரவேயில்லை.

அன்று மதியம் மழை கொட்டியது. கரண்ட் இல்லை. சாச்சா முன்னறையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மணி 2:58. இக்பால் கொல்லைக்குப் போய்வருகிறேன் என்று எழுந்து போனான். பின்கதவு கிரீச்சிட்டது.

3:01. வந்துவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் சட்டை உலர்ந்திருந்தது. அந்த மழையில். அப்போது அது அவளுக்கு நல்லதாகத்தான் பட்டது.

"குளிருதா மச்சான்? கை ஜில்லுன்னு இருக்கே."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

3:05. பின்பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம். தகரத்தில் மழை அடிப்பதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

3:07. முன்கதவு.

இந்தத் தடவை நிஜமாகவே தட்டினார்கள்.

நான்கு பேர். வார்டு ஆள் ஒருவர், உடுப்புப் போட்டவர்கள் மூன்று பேர். சாச்சா சீட்டை நீட்டினார். ஹுஸ்னா மனசுக்குள் பதில் தேடினாள். மூன்றாவது ஆள் கடைக்குப் போயிருக்கிறார்... இல்லை, ஊருக்குத் திரும்பிவிட்டார்...

வார்டு ஆள் விரலை நீட்டி எண்ணினார். வீட்டுக்காரரை விட்டுவிட்டு, விருந்தாளிகளை மட்டும்.

"ஒன்று."

இக்பால்.

"இரண்டு."

ஹுஸ்னா.

"மூன்று. சரியாக இருக்கிறது."

விரல் அவர்களைத் தாண்டி, திறந்து கிடந்த பின்கதவைக் காட்டியது.

ஹுஸ்னா பார்த்தாள். முதலில் கால்கள்தான் தெரிந்தன. ஈரக் கால்கள். தண்ணீர் சொட்டும் கைலி. அதே கட்டம் போட்ட கைலி. சட்டை. இரண்டாவது பொத்தான்.

அதற்கு மேல் அவள் பார்வை ஏறவில்லை.

"இரட்டையா?" என்றார் உடுப்புப் போட்டவர். "வீட்டுக்கு ஒருத்தன் போதும். இன்னொருத்தன் பட்டாளத்துக்கு."

சாச்சா இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மடித்துக்கொண்டிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

உடுப்புப் போட்டவர் ஹுஸ்னாவிடம் குனிந்தார்.

"இதில் உன் புருஷன் யார்?"

அவள் கைக்குள் ஒரு கை இருந்தது. அந்தக் கை இறுக்கியது.

"இவர்."

பின்கதவுப் பக்கம் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். பிறகு ஒரே ஒரு தடவை...

"ஹுஸ்னா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

3:16. மோட்டார் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்த் தேய்ந்தது. கண்ணைத் திறந்தபோது தரையில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. பின்கதவிலிருந்து முன்கதவு வரைக்கும். திரும்பி வந்த தடம் இல்லை.

"யாரு சாச்சா அது?"

தஸ்தகீர் சாச்சா துணியை எடுத்து அந்தத் தடங்களைத் துடைக்க ஆரம்பித்தார். "கேக்காதேம்மா. நம்ம பையன் இருக்கான்ல? அல்லா காப்பாத்திட்டான். அது போதும்."

ஏழு நாள் கழித்து விலக்குக் கடிதம் வந்தது. வீட்டுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. இக்பால் வேலைக்குப் போனான். அவளிடம் அன்பாகத்தான் இருந்தான். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. பயந்துபோயிருப்பார், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவளும் விட்டுவிட்டாள். டாலாவைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்து மாதம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11:20. வேலை நேரத்தில் ஹுஸ்னாவின் போன் அடித்தது. தெரியாத எண். தமிழ்ப் பையன் ஒருவனின் குரல். ரொம்ப மெதுவாகப் பேசினான்.

"ஹுஸ்னா அக்காவா? என் பேரு சுரேந்திரன். பட்டாளத்திலே இக்பால் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில். நாங்க ரெண்டு பேர்தான் அங்கே தமிழ்."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"அண்ணன் போன வியாழக்கிழமை தவறிட்டாரு அக்கா. உங்க நம்பரை என்னை மனப்பாடம் பண்ண வச்சிருந்தாரு."

"தப்பா கூப்பிட்டுட்டீங்க" என்றாள் ஹுஸ்னா. "என் வீட்டுக்காரர் என்கூடத்தான் இருக்காரு."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு அண்ணன் சொன்னாரு" என்றான் அவன். "ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்ககிட்டே கேக்கச் சொன்னாரு. அன்னைக்கு மழையிலே கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சாம். ரொம்ப நேரம் தட்டினாராம். தாழ் தானா விலகுறதுக்கு முன்னாடி உள்ளே நீங்க பேசுறது கேட்டுச்சாம். மச்சான், கை ஜில்லுன்னு இருக்கேன்னு சொன்னீங்களாமே... யார்கிட்டே அக்கா சொன்னீங்க?"

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

ஹுஸ்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 11:26. வேலை முடிய ஐந்தரை ஆகும்.

ஐந்தரைக்கு வாசலில் வந்து நிற்பதாக இக்பால் காலையில் சொல்லியிருந்தான்.