குட்டனுக்கு மூன்று வேளை

நண்பர்களோடு கல்லாறு போய்விட்டு வரும்வரை, இரண்டே நாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் சித்தப்பா குட்டனை எங்கள் வீட்டில் விட்டார். கல்லாற்றிலிருந்து திரும்பியவர் அடுத்த வாரமே பெங்களூர் வேலைக்குப் பெட்டி கட்டினார். நாய் எங்களிடம் தங்கிவிட்டது. நான்கு வருஷம் கழித்து, நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, அவன் நடக்க முடியாமல் விழுந்தான்.

குட்டன் டேக்ஸண்ட் ஜாதி. நீளமான உடம்பு, அதைச் சுமக்கப் போதாத குட்டைக் கால்கள். கரமனையில் எங்கள் அக்கிரகாரத் தெருவில் நாய் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அம்மாவுக்கு அது பெரிய தலைகுனிவு. அவனைத் தொடமாட்டாள். தயிர்சாதத்தைக் கரண்டியால் ஓரடி உயரத்திலிருந்து போடுவாள். நான் அவனைத் தொட்டால் குளித்த பிறகுதான் சமையலறைக்குள் வரலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் சோபாவிலிருந்து குதித்தான். தினமும் பத்துத் தடவை குதிப்பவன்தான். அன்று வீறிட்டுக் கத்திவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டான். மறுநாள் காலையில் நான் கூப்பிட்டபோது முன்னங்கால்களால் ஊன்றி ஊன்றி வந்தான். பின்பாதி உடம்பு அவனுடையதே இல்லை என்பதுபோலத் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

அப்பா ஆபீசுக்கு லீவு சொன்னார். அவருக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும் என்பதால் அம்மாவும் ஆட்டோவில் ஏறினாள். மிருக டாக்டர் ஒரு மலையாளத்து அம்மாள். சின்ன இடுக்கியால் குட்டனின் பின்னங்கால் விரலை அழுத்திப் பிடித்தார். அவன் திரும்பிப் பார்த்து முனகினான். டாக்டரின் முகம் தெளிந்தது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் தேய்ந்து, பிதுங்கி, நரம்பை அழுத்துகிறது என்றார். விரலில் வலி தெரியாமல் போயிருந்தால் உடனே ஆபரேஷன்தான், அதுவும் நிச்சயமில்லை. வலி தெரிகிறது, அதனால் மருந்தும் ஓய்வும் கொடுத்துப் பார்க்கலாம். ஆறு வாரம் ஓடாமல், குதிக்காமல் கூண்டுக்குள் கிடக்க வேண்டும். மூத்திரம் தானாகப் போகாது. தினம் மூன்று வேளை அடிவயிற்றை அழுத்தி எடுக்க வேண்டும்.

அதை யார் செய்வது என்று டாக்டர் கேட்டார். அப்பா வெளியே போய்ச் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, ஊசி போட்டுவிடச் சொல்கிறான் என்றார் தணிந்த குரலில். ஒரே ஊசியில் குணமாகிவிடும் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா மட்டும் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எப்படின்னு காமிச்சுத் தாங்கோ. நான் பண்ணறேன்."

டாக்டர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குட்டனின் வயிற்றில் வைத்தார். "பேடிக்கண்டா சேச்சி," என்றார். பயப்படாமல் மெதுவாக அழுத்தினால் போதுமாம்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் புடவையெல்லாம் நனைந்தது. ஒவ்வொரு வேளைக்கும் அம்மா ஒரு குளியல் போட்டாள். இரண்டாவது வாரம் கைகால் கழுவுவதோடு நின்றது. மூன்றாவது வாரம், பக்கத்து வீட்டு மாமியோடு பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். பிறகு டாக்டர் சொன்னபடி அப்பாவின் பழைய துண்டை அவன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கொல்லையில் நாலடி நடத்துவாள். ஏழாவது வாரம் ஒரு காலையில், கொல்லைப்பக்கத்திலிருந்து எல்லாரையும் கூப்பிட்டாள். பலாமரத்தடியில் குட்டன் ஆடி ஆடித் தன் காலில் நின்று, தானாகவே மூத்திரம் போய்க்கொண்டிருந்தான். சுவாமி புறப்பாடு பார்ப்பதுபோல நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம்.

இரண்டு வாரம் கழித்துச் சித்தப்பா வந்தார். பெங்களூரில் தோட்டத்தோடு வீடு கிடைத்துவிட்டது, குட்டனுக்கும் தேவலையாமே, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு குட்டனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாராளமா கூட்டிண்டு போ. ஆனா இதைக் கத்துக்கோ. இவனுக்குத் தானா மூத்திரம் போகாது, கேட்டயா. மூணு வேளையும் இப்படி அமுக்கி எடுக்கணும். ஒரு வேளை தப்பினா ஆபத்து. எங்கே, கையைக் கொண்டா."

சித்தப்பா கையைக் கொண்டுவரவில்லை. "ஆயுசு பூராவா மன்னி?"

"பின்னே?"

அன்று காலையில்கூட அவன் பலாமரத்தடியில் போனதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே, உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவரச் சொன்னாள். நான் திரும்பி வந்தபோது, பழகின இடத்தை விட்டு வாயில்லா ஜீவனைப் பிரிப்பது பாவம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கே தம்பானூருக்குப் போய் ரயில் ஏறிவிட்டார்.

எனக்கு அம்மாவை நினைத்துக் கவலையாக இருந்தது. எந்தத் திதியையும் நட்சத்திரத்தையும் மறக்காதவள். மெதுவாகக் கிட்டே போய், "அம்மா, குட்டன் இப்போ தானாத்தானே போறான், நீ மறந்துட்டயா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி, மறந்தே போச்சு," என்றாள், காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே.

அப்பாவிடம் போனேன். அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைந்துவிட்டது, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வெகுநேரம் அந்தப் பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது. பாவம், அப்பா அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.